கயிற்றடியில் ஒரு கேள்வி

உட்காரம்மா, உட்கார். மரம் எங்கேயும் ஓடிப் போய்விடாது. அதோ, மாடிப்படிக்குக் கீழே பழைய போர்வை போர்த்தி நிறுத்தியிருக்கிறேன் பார், அதுதான். ப்ளைவுட் மரம். நானே வரைந்து, நானே ஆசாரியிடம் வெட்டக் கொடுத்து, நானே பச்சை பெயின்ட் அடித்தது. ஆட்டோவை நிற்கச் சொல்லியிருக்கிறாயா? நிற்கட்டும்.

காபி குடிப்பாய்தானே? வேண்டாமா? அதெல்லாம் கலந்தாயிற்று, குடி.

உன்னை நீ, வா என்றுதான் சொல்வேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. என் பெண் மித்ராவின் வயதுதான் இருப்பாய். ஜாஸ்லின் மிஸ்தானே? மூன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கிறாய். உங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் லியோனி போனில் சொன்னார்கள். "மங்களா, இத்தனை வருஷம் நம்ம குழந்தைங்களுக்காக ஓடினது போதும். கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. இனிமே ஜாஸ்லின் பார்த்துப்பாங்க. மரத்தை மட்டும் குடுத்து விட்டுடுங்க." கேட்டாயா? மரத்தை மட்டும்! ரெஸ்டாம். நான் கேட்டேனா ரெஸ்ட்? வியாதிக்காரியா நான்?

நடந்தது என்ன என்று உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் தலையை வெட்டி வாலை ஒட்டிச் சொல்லியிருப்பார்கள். என்னிடம் முழுசாகக் கேட்டுக்கொண்டு அப்புறம் மரத்தைத் தூக்கு. நாலு மணிக்கு மித்ராவைப் பெண் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் முடித்துவிடுவேன்.

மித்ரா! தலை பின்னியாச்சா?

பதில் வராது. நேற்று ராத்திரி வந்திறங்கியதிலிருந்து மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அது வேறு கதை, விடு.

புல்புல் என்றால் என்ன என்றாவது உனக்குச் சொன்னார்களா? இல்லையா? அடக் கடவுளே. ஒன்றுமே தெரியாத பெண்ணைப் பிடித்துப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். உன்னைச் சொல்லவில்லை, அவர்களைச் சொல்கிறேன். பையன்களுக்கு ஸ்கவுட் மாதிரி பெண் பிள்ளைகளுக்கு கைடு. அதில் சின்னது புல்புல். பத்து வயது வரைக்கும் புல்புல், பாட்டு, விளையாட்டு, கதை, இந்த மரத்தைச் சுற்றி ஓடுவது. பத்து முடிந்தால் பெரிய பிள்ளைகளோடு கைடு கூட்டத்தில் சேர வேண்டும். அங்கேதான் டென்ட் கட்டுவது, அடுப்பு மூட்டுவது, முதலுதவி, வழி கண்டுபிடிப்பது எல்லாம். அதாவது, இருக்க வேண்டும். இருக்கிறதா என்பதற்கு வருகிறேன்.

இங்கிருந்து அங்கே அனுப்பி வைப்பதுதான் என் வேலை. யாரும் சம்பளம் கொடுத்து வைத்த வேலை இல்லை. மித்ரா புல்புல்லாக இருந்தபோது உதவிக்கு என்று போனவள், அவள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் போய்க்கொண்டே இருந்தேன். சின்னதுகளுக்குப் பயம் அம்மா. இங்கே அதுகள்தான் பெரிய ஆள். அங்கே போனால் மறுபடியும் கடைசி ஆள். ஒருத்தி வயிற்றுவலி என்பாள், ஒருத்தி அழுவாள். ஒவ்வொன்றாகப் பக்கத்தில் உட்காரவைத்து, கை பிடித்து, "அங்கே என்னவெல்லாம் இருக்குத் தெரியுமாடி?" என்று சொல்லிச் சொல்லித் தயார் பண்ணுவேன். நான் கான்வென்டில் படித்தபோது ஏற்காட்டில் கேம்ப் போட்டோம். விடிய விடிய மழை. நாங்கள் கட்டிய டென்ட் ஒரு பக்கம்கூடச் சாயவில்லை. பக்கத்து ஸ்கூல் டென்ட் படுத்துவிட்டது, அதுகள் எல்லாம் எங்கள் டென்ட்டுக்குள் வந்து ஒண்டிக்கொண்டன. இதைத்தான் சொல்வேன். கண்ணை விரித்துக் கேட்கும்.

அப்புறம் அந்த நாள். மைதானத்தில் இந்த மரத்தை நிறுத்துவோம். மரத்துப் பக்கம் புல்புல்கள். எதிர்ப் பக்கம் கைடுகள், லாட வடிவத்தில். நடுவில் தரையில் ஒரு கயிறு. மேலே போகிற பிள்ளை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றித் தன் தோழிகளிடம் விடை வாங்கிக்கொண்டு கயிற்றுக்கிட்ட வந்து நிற்பாள். நான் கேட்பேன், "கைடு கூட்டத்துக்குப் போக உனக்கு விருப்பமா?" "விருப்பம் ஆன்ட்டி" என்பாள். ஒரே தாண்டு. அந்தப் பக்கம் கைடு கேப்டன் இடது கையைக் கொடுத்து வாங்கிக்கொள்வாள். ஆமாம், இடது கைதான். முகத்தைச் சுளிக்காதே, உலகம் முழுக்க எங்களுக்கு அப்படித்தான், இதயத்துக்குப் பக்கத்துக் கை. மித்ரா தாண்டின அன்றைக்கு அவள் போட்ட "விருப்பம்" காவிரிப் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வருஷம் சிறப்பு விருந்தினர் வேண்டும் என்றார்கள். எதற்கு? பத்து வயதுப் பிள்ளைகள் ஒரு கயிற்றைத் தாண்டுவதற்கு எதற்குச் சிறப்பு விருந்தினர்? ஒரு கல்யாண மண்டபக்காரரின் மனைவியைக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஃபேன் வாங்கிப் போட்ட அம்மாள். எட்டரைக்கு வர வேண்டியவர் பத்தேகாலுக்கு வந்தார். அதுவரைக்கும் கைடுகள் எங்கே இருந்தார்கள்? வாசலில். வெயிலில். யூனிஃபார்ம் போட்டு, ஸ்கார்ஃப் கட்டி, ஆளுக்கொரு தட்டைத் தூக்கிக்கொண்டு! சந்தனம் ஒருத்தி, கல்கண்டு ஒருத்தி, ரோஜாப்பூ ஒருத்தி, பன்னீர்ச் செம்பு ஒருத்தி. கைடு கேப்டன் பெர்பெத்துவா மிஸ், அவள்தான் பி.டி. மிஸ்ஸும், வரிசையை நேர் பண்ணிக்கொண்டு நிற்கிறாள், "ஸ்மைல், ஸ்மைல்" என்று. எனக்கு வந்த கோபத்துக்கு... ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. என் பிள்ளைகள் தாண்டுவது நல்லபடியாக நடக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நான்கு பிள்ளைகள் தாண்டியாயிற்று. ஐந்தாவது கனிஷ்கா. உறையூர்ப் பெண். இத்தனூண்டு இருப்பாள், எலி வால் மாதிரி ரெட்டைச் சடை. ஆனால் என் கூட்டத்திலேயே கெட்டிக்காரி அவள்தான். முடிச்சுப் போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். அவளுடைய அக்கா ரிதன்யா ஏற்கெனவே கைடு. அன்றைக்கு ரோஜாப்பூத் தட்டு அவள் கையில்தான்.

கனிஷ்கா மரத்தைச் சுற்றி வந்தாள். கயிற்றுக்கிட்ட நின்றாள். நான் மைக்கில் கேட்டேன், "கைடு கூட்டத்துக்குப் போக உனக்கு விருப்பமா?"

"இல்லை ஆன்ட்டி."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதே "இல்லை". மைக் வேறு அவள் வாய்க்கு நேரே. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏன்டி?" என்று கேட்டுவிட்டேன்.

"அங்க போனா தட்டுதான் தூக்கணும் ஆன்ட்டி. எங்க ரிதன்யா அக்கா ரெண்டு வருஷமா தட்டுதான் தூக்குறா. யாரு வந்தாலும் தட்டு. ஒரு முடிச்சுகூட அவளுக்குப் போடத் தெரியாது. நான்தான் வீட்ல சொல்லிக் குடுக்குறேன்."

மைதானமே சிரித்தது. பெற்றோர்கள் சிரித்தார்கள், ஆயாம்மா சிரித்தாள், பின்னால் நின்ற டிரைவர்கள்கூடச் சிரித்தார்கள். ரிதன்யா முகத்தைப் பார்க்க முடியவில்லை. மண்டபத்து அம்மாள் கையில் அப்போதுதான் அந்தத் தட்டிலிருந்து எடுத்த ரோஜாப்பூ. அதை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்தார், எடுத்தார், நாற்காலிக்கு அடியில் போட்டார். சிஸ்டர் லியோனி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். எரியவில்லை, நானும் கான்வென்டில் படித்தவள்தான், இந்த மாதிரி பார்வை எத்தனை பார்த்திருக்கிறேன்.

சொல்லப்போனால் எனக்கும் அந்தப் பெண்மேல் அப்போது கோபம்தான். அறையலாம் போல வந்தது. உண்மையைப் பேசு என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மைக்கில் பேசு என்றா சொன்னேன்?

மறுநாள் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். சிஸ்டர், பெர்பெத்துவா மிஸ், நான். "நீங்கதான் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்று பெர்பெத்துவா. "நான் சொல்லிக் கொடுத்தது முடிச்சு. நீங்க சொல்லிக் கொடுத்தது தட்டு. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தது அந்தப் புள்ளையோட மூளை" என்றேன். 

சிஸ்டர் என்ன சொன்னார்கள் தெரியுமா? அதுதான் எனக்கு இன்றைக்கு வரைக்கும் ஆறவில்லை. "மங்களா, அது சும்மா ஒரு வழக்கத்துக்குக் கேக்குற கேள்வி. அதுக்குப் போய் யாராவது இல்லைன்னு சொல்வாங்களா?"

எப்படி இருக்கிறது பார்! நான் எழுந்து நின்றுவிட்டேன். "சிஸ்டர், இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னா எதுக்குக் கேக்கணும்? கேள்வின்னு ஒண்ணு கேட்டா ரெண்டு பதிலுக்கும் இடம் வேணும். ஒரு பதிலை நாமளே முடிவு பண்ணி வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணை நாலு பேர் முன்னாடி நிறுத்திக் கேக்குறது, அதுக்குப் பேரு கேள்வியா? அது அவளை அவமானப்படுத்துறது இல்லையா?" என்று கேட்டேன். நல்லா இருக்கிறதல்லவா? எனக்கே நான் பேசினது நல்லா இருந்தது.

ஆனால் சிஸ்டர் அசையவில்லை. திங்கட்கிழமை அசெம்பிளியில் கனிஷ்கா எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் கைடில் சேர்த்துக்கொள்வார்கள். கேட்காவிட்டால் புல்புல்லும் கிடையாது, கைடும் கிடையாது, யூனிஃபார்மைக் கழற்றிவிட வேண்டியதுதான். அவளை மன்னிப்புக் கேட்க வைப்பது என் பொறுப்பாம்.

போனேன். உறையூரில் அவர்கள் வீடு மாடி போர்ஷன். அவளுடைய அம்மா என்னைப் பார்த்ததும் அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "மேடம், அவ வாய் ஜாஸ்தி மேடம், நீங்க சொல்லுங்க, நான் காலில வேணாலும் விழச் சொல்றேன்" என்றாள். எனக்கு அதைக் கேட்டுத்தான் எரிச்சல் வந்தது. கனிஷ்கா ஜன்னல் கம்பியில் பாவாடை நாடாவைக் கட்டி ஏதோ முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள், ஆனால் நாடாவை விடவில்லை.

"ஏன்டி, ஒரு ஸாரி சொல்லிட்டா என்ன?" என்றேன்.

"எதுக்கு ஆன்ட்டி ஸாரி? நான் பொய் சொன்னேனா?"

"பொய் இல்லடி. ஆனா..."

"நீங்கதான டென்ட் கட்டலாம்னு சொன்னீங்க? மழையில படுக்கலாம்னு சொன்னீங்க? அக்காகிட்ட கேட்டா டென்ட்டே ஸ்கூல்ல கிடையாதுங்கிறா. கைடு ரூம்ல அலமாரி பூரா தட்டுதான் இருக்காம்." அப்புறம் சொன்னாள், "டென்ட் இருந்தா நான் இன்னிக்கே போறேன் ஆன்ட்டி. தட்டுன்னா வேண்டாம். நான் உங்ககூடவே இருக்கேன்."

நான் என்ன சொல்வது? சொல்லு. இத்தனை வருஷம் அத்தனை பிள்ளைகளைக் கை பிடித்துத் தாண்ட வைத்தேன். அந்தப் பக்கம் போனதுகள் என்ன ஆயின என்று... நான் ஏன் பார்க்க வேண்டும், அது என் பக்கமா? பெர்பெத்துவா பக்கம். அவளைத்தான் கேட்க வேண்டும். என்னை ஒரு பத்து வயதுப் பிள்ளை முன்னால் பொய்க்காரியாக்கிவிட்டாள், பாவி.

திரும்பி நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் சிஸ்டரிடம் சொன்னேன். "அவ மன்னிப்புக் கேக்க மாட்டா. நானும் கேக்கச் சொல்ல மாட்டேன். நீங்க முதல்ல டென்ட் வாங்குங்க." அதற்குத்தான் இந்த ரெஸ்ட். அதற்குத்தான் நீ.

இரு, மித்ராவைக் கூப்பிட்டுவிட்டு வருகிறேன். மித்ரா! அந்த மாம்பழக் கலர் பட்டு கட்டில் மேலேயே இருக்குடி! கட்டியாச்சா?

பதில் பேசுகிறாளா பார். பெங்களூரில் வேலை, வாய் மட்டும் இங்கிருந்து அங்கே நீளும். போன வாரம் போன் பண்ணி மரியாதையாகக் கேட்டேன், "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அவங்களை வரச் சொல்லட்டுமாடி?" என்று. "வேண்டாம்மா" என்கிறாள். நான் ஏற்கெனவே வரச் சொல்லியாயிற்று. பின்னே? அதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பது. அதற்குப் போய் எந்தப் பெண்ணாவது வேண்டாம் என்று சொல்லுவாளா? அப்பாவுக்கு முட்டி வலி, எழுந்து நடக்க முடியவில்லை என்று சொல்லி வரவழைத்தேன். பொய் இல்லை, முட்டி வலி இருப்பது நிஜம்தான். இப்போதுகூட அந்த முட்டியோடுதான் பூ வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார்.

வந்து பார்த்துவிட்டு நேற்று ராத்திரி ஒரே ரகளை. "காபித் தட்டைத் தூக்கிக்கிட்டு யார் முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன்" என்கிறாள். ஐந்து நிமிஷம் தட்டைத் தூக்கினால் கை முறிந்துவிடுமா? நான் தூக்கவில்லையா? எங்கள் அக்காமார் தூக்கவில்லையா? பையன் நல்ல பையன் அம்மா. அவர்கள் வந்து, பார்த்து, ஒரு வார்த்தை பேசி...

ஏன் சிரிக்கிறாய்?

சிரிக்கவில்லையா? காபி புரையேறியதா? சரி. தலையில் தட்டிக்கொள்.

என்ன கேட்கிறாய்? கனிஷ்கா இப்போது எங்கே இருக்கிறாளா? எங்கே இருப்பாள், எங்கேயும் இல்லை. பெர்பெத்துவா கைடில் சேர்க்க மாட்டாள், சிஸ்டர் புல்புல்லில் வைக்க மாட்டார்கள். மீட்டிங் நடக்கும்போது வேப்பமரத்தடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறாளாம், அக்காவுக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு. ஆயாம்மா சொன்னாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தெரியுமா?

அதனால் கேட்டுக்கொள். மரத்தைச் சும்மா தர மாட்டேன். இந்த மரம் பள்ளிக்கூடத்துச் சொத்து இல்லை, என் பெயின்ட், என் பலகை. நாளைக்குப் புதுப் பிள்ளைகளைச் சேர்க்க உனக்கு இது வேண்டும். எனக்கு ஒரு வாக்கு வேண்டும். நாளைக்கு முதல் வேலையாக அந்தப் பிள்ளையை வேப்பமரத்தடியிலிருந்து கூட்டி வந்து இந்த மரத்துக்குக் கீழே உட்கார வை. டென்ட் வரும்வரைக்கும் அவள் உன் பிள்ளை. டென்ட் வந்ததும் கயிற்றடியில் நிறுத்திக் கேள். அவள் பதில் சொல்லும்வரைக்கும் காத்திரு. இல்லை என்றால் இல்லைதான். சிஸ்டர் முறைத்தாலும் அசையாதே. செய்வாயா?

சத்தமாகச் சொல். ம். கையடித்துச் சொல். அந்தக் கை இல்லை அம்மா, இடது கை. இடது கை! ஆங், அப்படி.

சரி, எடுத்துக்கொள். போர்வையை நான் உருவுகிறேன். பார், இந்தக் கீழ்க் கிளை ஒரு வருஷம் உடைந்து ஒட்ட வைத்தது, அதைப் பிடித்துத் தூக்காதே. தனியாக முடியாதா? ஆட்டோக்காரனைக் கூப்பிடு. எங்கே போனான்? டீ குடிக்கவா? நல்ல நேரம் பார்த்தான். நான் பிடிக்க முடியாது, பட்டுப்புடவை கட்டியிருக்கிறேன், பச்சை ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் நகரு, இந்த டீப்பாய்மேல் அவர்களுக்குக் காபி டம்ளர் எல்லாம் தட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன், இடித்துவிடாதே. இரு, தட்டை நான் கையில் எடுத்துக்கொள்கிறேன்.

மித்ரா! கீழே வாயேன்டி, மணி நாலு!

வந்துவிட்டாள் பார், கூப்பிட்டதும்... அடியே, இது என்ன கோலம்? ஜீன்ஸா? தலைகூடப் பின்னவில்லையே! எத்தனை நேரமாகப் படியில் உட்கார்ந்திருந்தாய்? எல்லாம் கேட்டுக்கொண்டா இருந்தாய்? மிஸ்ஸுக்கு ஹலோ சொல்லு. இடது கையை நீட்டுகிறாளே! மறக்கவில்லை, பார்த்தாயா ஜாஸ்லின், நான் வளர்த்த பிள்ளை மறக்குமா?

நீ ஏன்டி அந்தப் பக்கத்தைப் பிடிக்கிறாய்? விடு, ஆட்டோக்காரன் வருவான். மித்ரா, விடு என்கிறேன். தானும் ஸ்கூலுக்குப் போய் இறக்கி வைத்துவிட்டு வருகிறாளாம். இப்போதா? டென்ட் பெங்களூரில் அவள் ஆபீஸ் பிள்ளைகளிடம் இருக்கிறதாம், வாங்கித் தருகிறாளாம். அதை அப்புறம் பேசலாம்டி, நான் உன்னிடம் எத்தனை தடவை கேட்டேன், ஒரே ஒரு ஆமாம் சொல்ல... ஏன் ரெண்டு பேரும் அப்படிப் பார்க்கிறீர்கள்?

காம்பவுண்டில் கார் சத்தம். கடவுளே. அவர்கள்தான். மித்ரா, பின்பக்கமாகப் போ! ஜாஸ்லின், நீயாவது சொல்லேன்! அகலமான மரத்தை எடுத்துக்கொண்டு பின்கதவில் எப்படிப் போவது என்று மித்ரா கேட்கிறாள், அதுவும் சரிதான். கிளையைச் சாய்த்துப் பிடி, நிலையில் இடிக்கும். இன்னும் கொஞ்சம். மெதுவாக, பெயின்ட் உரியும்!

வாங்க, வாங்க! பார்த்து வாங்க, கிளை படப்போகிறது. ஒண்ணும் இல்லை, அது மரம், பள்ளிக்கூடத்து மரம். ஐயோ, இந்தத் தட்டை எங்கே வைப்பது, ஒரு இடம் இல்லை. பரவாயில்லை, நானே வைத்துக்கொள்கிறேன், எடுத்துக்கோங்க, காபி எடுத்துக்கோங்க. பொண்ணா? உள்ளே எட்டிப் பார்க்காதீங்க, உள்ளே இல்லை. இப்போ உங்களைத் தாண்டிப் போனாளே, மரத்தோட முன்பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு, அவதான்.

ஜாஸ்லின்! கனிஷ்காவைக் கேட்டுட்டு எனக்குப் போன் பண்ணு!